ஆறும் ஒண்ணும்

என் வகுப்பில் படிக்கிற ஒரு பெண், 'தமிழ்' என்ற சொல்லை வாயால் சொல்லாமலே பல வாரங்களை ஓட்டியிருக்கிறாள். நான்தான் அவளுடைய தமிழ் டீச்சர். எனக்கு அது தெரியவே இல்லை. கணக்கு சார் வந்து சொல்லித்தான் தெரிந்தது. அவர் சொன்னதும் தமிழைப் பற்றி அல்ல, ஏழு என்கிற எண்ணைப் பற்றி.

எங்கள் பள்ளிக்கூடம் தாமிரபரணியின் தென்கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு நடுநிலைப் பள்ளி. டவுணிலிருந்து ஜங்ஷன் போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்து, மேலப்பாளையம் தாண்டி, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்குவேன். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். இலை அறுப்பது, தார் வெட்டுவது, கட்டுக் கட்டி வண்டியில் ஏற்றுவது. காலையில் வகுப்புக்குள் நுழைந்தால் பாதிப் பிள்ளைகளின் சட்டையில் வாழைக்கறை இருக்கும். என்ன சோப்பு போட்டாலும் அது போகாது.

ஆசிரியர் அறையில் மெஷினுக்கு வக்கீல் நான்தான். ஸ்மார்ட் போர்டு வந்தபோது அதற்குப் போர்வை போர்த்தி வைத்துவிடலாம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். நான் முதல் நாளே போர்வையை உருவினேன். கணக்கு சாருக்கு சாக்பீஸ்தான் உலகம். என்னை 'பொத்தான் டீச்சர்' என்று கூப்பிடுவார்.

"பொத்தான அமுக்குனா பாடம் மண்டைக்குள்ள போயிருமா டீச்சர்? அப்பம் நாம எதுக்கு இங்கன உக்காந்திருக்கோம்?"

"சாக்பீஸ் வந்த அன்னைக்கும் உங்கள மாதிரி ஒருத்தர் இப்படித்தான் கேட்டிருப்பாரு சார்" என்பேன்.

வாய்ச்சண்டைக்காகச் சொன்னதில்லை, எனக்கு அதில் நம்பிக்கை இருந்தது. ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று உட்கார்ந்து தர்க்கம் பண்ணுவது வெட்டி வேலை. கடைசிப் பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்கு அதனால் ஏதாவது எட்டுகிறதா, அதை மட்டும் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. ஒரு பையன் ஆறாம் வகுப்பு வரைக்கும் மக்கு என்று பெயர் வாங்கியிருந்தான். போர்டில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கடகடவென்று வாசித்துவிட்டான். கண்தான் சரியில்லை, மண்டை நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு நான் கணக்கு சாரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவர் மறந்திருக்க மாட்டார்.

இந்த நிலையில்தான் வாசிப்புச் செயலி வந்தது. பிள்ளைகளுக்கென்று கொடுத்த கையடக்க டேப்லெட்டில், நாங்கள் 'டேப்' என்போம், அதை ஏற்றித் தந்தார்கள். திரையில் ஒரு பக்கம் வரும். பிள்ளை அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். சரியாக வாசித்த சொல் பச்சையாகும், தப்பாக வாசித்தது சிவப்பாகும். பக்கம் முழுக்கப் பச்சையானால் ஒரு மயில் வந்து தோகை விரித்து ஆடும். அந்த மயிலுக்காகப் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று வாசித்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. யாராவது தப்பாக உச்சரித்தால் என் இடது புருவம் தானாக மேலே போய்விடும். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். சோறு குழைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார், பழம் 'பளம்' ஆனால் பொறுக்க மாட்டார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். புருவம் ஏறும், அவ்வளவுதான், வீட்டில் எல்லோரும் சொல்லைத் திருத்திக்கொள்வோம். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் 'புருவம்'. அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மெஷினுக்குத்தான் புருவம் கிடையாதே, பிள்ளைகள் பயப்படாமல் வாசிப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டேன்.

ழகரம் எங்கள் சீமையில் யார் நாக்கிலும் குடியிருப்பதில்லை. மழை எங்களுக்கு 'மள', வாழை 'வாள', கோழி 'கோளி'. சிறப்பு ழகரம் என்று புத்தகத்தில் பெருமையாகப் படிப்போம், படித்து முடித்துவிட்டு 'பளம் திங்கியா' என்று கேட்போம். அப்பாவிடம் அத்தனை பயிற்சி எடுத்த எனக்கே, கோபம் வந்தால் ழகரம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகும். வகுப்பில் நாக்கை மடித்துக் காட்டி, மேலண்ணத்தைத் தொட்டுக் காட்டி, வருஷக்கணக்கில் நான் தோற்றுக்கொண்டிருந்த சண்டை அது. மெஷின் வந்ததும், எனக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தப் பெண் ஏழாம் வகுப்பு. ஊரறிந்த வாயாடி. அப்பா கேரளத்தில் ஹோட்டல் வேலையில் இருந்தார், எப்போதாவதுதான் வருவார். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மா வாழை இலை அறுக்கப் போகிறவள். மகள் காலையில் வகுப்புக்கு வந்து பையைக் கீழே வைக்குமுன்பே செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவாள்.

"டீச்சர், நேத்து அடிச்ச காத்துல மேலத் தோட்டத்து வாளயெல்லாம் இடுப்பொடிஞ்சு கெடக்கு. தாரு பூரா பிஞ்சு டீச்சர், இன்னும் தெரளவே இல்ல. தோட்டக்காரரு அளுதுட்டாரு. எங்கம்ம போயி, அளாதிய அண்ணாச்சி, அடுத்த போகம் பாத்துக்கிடலாம்னு சொல்லுதா. அவரு அதுக்கும் அளுதாரு."

இந்த மாதிரி. போன வருஷம் ஒன்றியப் பேச்சுப் போட்டியில் அவள்தான் முதல் பரிசு. நான் எழுதிக் கொடுத்ததைப் பாதியில் விட்டுவிட்டு அவளாகவே பேசிவிட்டு வந்தாள்.

அவளுக்கு முதலில் வந்த பக்கம் மழையைப் பற்றியது. வரிக்கு வரி மழை. அருவி மாதிரி வாசித்தாள், ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் பக்கமெல்லாம் சிவப்பு, அம்மை போட்ட உடம்பு மாதிரி. பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். திரும்ப வாசித்தாள், திரும்பவும் சிவப்பு. நான் போய் நாக்கை மடித்துக் காட்டினேன். நாலைந்து நாளில் மழை பச்சையாகிவிட்டது. ஆனால் இப்போது வெள்ளம் சிவந்துவிட்டது. அதை 'வெழ்ழம்' என்று வாசித்திருந்தாள். பள்ளி 'பழ்ழி' ஆனது. வெள்ளிக்கிழமையை அவள் வாசித்ததைக் கேட்டு வகுப்பே உருண்டது. இதுவும் எங்கள் ஊர் நாக்குக்கு மட்டும் வருகிற கோளாறு. காலம் முழுக்க ஒன்றாக இருந்த ரெண்டு எழுத்தைத் திடீரென்று பாகம் பிரிக்கச் சொன்னால், எது யாருக்கு என்று தெரியாது. போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இன்னும் முப்பது பிள்ளைகள் வாசிக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் அவள் பேச்சில் இங்கிலீஷ் கலந்தது. ஒருநாள் வானம் கறுத்திருந்தது. எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், டுமாரோ ரெயின் வந்தா ஸ்கூல் லீவா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "என்னட்டி, இங்கிலீஷ் மீடியத்துல சேந்துட்டியோ?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். பிறகு காலைச் செய்தியும் நின்றது. வயசு ஏறுகிறது, அடக்கம் வருகிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

பேச்சுப் போட்டிக்குப் பெயர் கேட்டு வந்தபோது அவள் பெயரைத்தான் முதலில் சொன்னேன்.

"வேற யாரையாவது அனுப்புங்க டீச்சர். எனக்குத் தொண்ட சரியில்ல."

"போட்டிக்கு இன்னும் நாள் கெடக்கு, அதுக்குள்ள சரியாயிரும்."

"ஆகாது டீச்சர்."

தலைக்கனம் என்று நினைத்தேன். ஒரு பரிசு வாங்கியதும் இப்படியா என்று வாயிலும் வந்துவிட்டது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கணக்கு சார் வந்தது அந்த வாரம்தான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"டீச்சர், ஒங்க வாயாடிப் புள்ளைக்கு என்ன ஆச்சு? நாலும் மூணும் எத்தனன்னு கேட்டேன். ஆறும் ஒண்ணும்ங்கா."

"என்னது?"

"ஆறும் ஒண்ணும். அதான் பதிலு. ஏளுன்னு சொல்லுட்டின்னா சொல்ல மாட்டேங்கா. வாய்ப்பாடு சொல்லச் சொன்னா ஆறாம் வாய்ப்பாடு சொல்லுதா, எட்டாம் வாய்ப்பாடு சொல்லுதா, நடுவுல உள்ளத விட்டுருதா. சொல்லுததுலயும் ஏளு வார வரியத் தாண்டிருதா. பதினாறுக்கு அடுத்தாப்ல பதினெட்டுக்குத் தாவிருதா. கேலி பண்ணுதான்னு நெனச்சு பீரியடு முடிய நிக்க வச்சிட்டேன். நின்னா. அப்பமும் சொல்லல."

என் கையில் இருந்த சோற்று உருண்டை அப்படியே நின்றுவிட்டது. ஏழு. அதில் ழ இருக்கிறது. ரெயின் என்றாளே, அது மழை. டுமாரோ என்றாளே, அது நாளை, அதில் ள இருக்கிறது. ஸ்கூல் என்றாள், பள்ளிக்கூடத்தில் ள. இந்த ரெண்டு எழுத்தும் வருகிற எந்தச் சொல்லையும் அவள் வாயில் எடுக்கவில்லை. பயந்து பயந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள்ளேயே சலித்து, கல் பொறுக்கி, மிச்சத்தைத்தான் வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதை அடக்கம் என்றேன், தலைக்கனம் என்றேன்.

அவளுக்குச் சொல்ல முடியாதவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். தன் வகுப்பைச் சொல்ல முடியாது. கோழி, கிழங்கு, குழம்பு, வாழை. வெள்ளிக்கிழமை. கீழே விழுந்தால் விழுந்தேன் என்று சொல்ல முடியாது. அழுதேன் என்றும் சொல்ல முடியாது. தமிழ் என்று சொல்ல முடியாது. டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அவள் வராந்தாக் குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"அம்மா இன்னைக்கு வேலைக்குப் போயிருக்காளா?"

"போயிருக்கா டீச்சர். இல அறுக்க."

"என்ன இலை?"

நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் சந்தேகம் பொய்யாகிவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

"சொல்லுட்டி, என்ன இலை?"

"அதான் டீச்சர். சோறு போட்டுத் தின்னுவோம்லா. அந்த இல."

பள்ளிக்கூடத்தைச் சுற்றி நாலு பக்கமும் அந்த மரம்தான் நிற்கிறது. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே வளர்ந்த பிள்ளை. அதன் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்து எனக்கு அடையாளம் சொல்கிறாள், வெளியூரிலிருந்து வந்தவளுக்குச் சொல்வது போல. அவள் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய அடி சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தது. அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இலைக்கட்டைத் தரையில் இறக்கி வைத்திருந்தாள், சேலைக்கு மேலே போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டை முழுக்கக் கறை. எனக்காகத்தான் நின்றிருக்கிறாள்.

"டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவப்படப்பிடாது."

"சொல்லுங்கம்மா."

"எனக்கும் அந்தப் பச்ச வருத மாதிரி பேசச் சொல்லித் தருவியளா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவள் குரலைத் தணித்துக்கொண்டு, பைய ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஒரு நா எம்மவ சொன்னா. எம்மா, நீ எங்கிட்ட பேசாத, நீ பேசுதது பூராவும் செவப்பு, கேட்டுக்கிட்டே இருந்தா எனக்கும் ஒட்டிக்கிடும்னா. நான் மொதல்ல வெளையாட்டுக்குச் சொல்லுதான்னு நெனச்சேன். பெறவு பாத்தா, நான் வாயத் தொறந்தா காதப் பொத்துதா. மெனக்கெட்டுப் பொத்துதா டீச்சர், கண்ணையும் மூடிக்கிடுதா. சரி, எதுக்கு வம்புன்னு நான் பேசுததில்ல இப்பம்."

"பேசுறதில்லன்னா?"

"வீட்டுக்குள்ள பேசுததில்ல. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான. சோத்தப் போட்டுட்டுத் தட்டத் தட்டுவேன், வந்துருவா. தல வாரணும்னா சீப்பக் காட்டுவேன். அவ அப்பா போன் போட்டா வெளிய போயிப் பேசிக்கிடுதேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல டீச்சர். அவ படிப்பு கெட்டுரப்பிடாதுல்லா. ஆனா எத்தன நாளைக்கு இப்படியே கெடக்க முடியும், நீங்க சொல்லுங்க. அதான், நானும் கத்துக்கிட்டா அவகிட்ட பேசிக்கிடலாம்லா."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. ரேஷன் கார்டில் ஒரு திருத்தம் கேட்கிற மாதிரி, தன் பிள்ளையோடு பேச அனுமதி கேட்டாள். நான் ஆசிரியையாக வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் யார் சொன்னதும் என்னை இப்படிக் குலைத்ததில்லை. ஒரு வீட்டில் தாயும் மகளும் சீப்பைக் காட்டியும் தட்டைத் தட்டியும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். நான் தினமும் காலையில் அந்த டேப்பைத் துணியால் துடைத்து, சார்ஜ் ஏற்றி, வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீங்க பேசுங்கம்மா" என்றேன். "நீங்க பேசுறதுல ஒரு தப்பும் இல்ல. பேசாம மட்டும் இருக்காதிய. நாளைக்கு நான் அவகிட்ட சொல்லுதேன்."

"சரி டீச்சர்" என்றாள். அதிகாரிகள் எதையாவது சொன்னால் தலையாட்டுவோமே, அந்தத் தலையாட்டல். நம்பவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே, செயலிக்குப் பயிற்சி கொடுக்க வந்தவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். "அது கேட்டுப் பழகின குரல்கள்ல உங்க ஊர்ப் பிள்ளைங்க குரல் இல்லை போல டீச்சர். நம்ம கையில ஒண்ணும் இல்லை, மேலே இருந்துதான் மாத்தணும்" என்றார். சிவப்பு நிறத்தையாவது எடுக்க முடியுமா என்று கேட்டேன். அதுவும் முடியாதாம். மயிலை வேண்டுமானால் நிறுத்தலாம் என்றார்.

மறுநாள் முதல் பீரியடில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அதே மழைப் பக்கத்தை எடுத்தேன். முதலில் அப்பா சொல்லிக்கொடுத்த நாக்கோடு வாசித்தேன். எல்லாம் பச்சை, மயில் ஆடியது, பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"இப்பம் பாருங்க" என்றேன். "உங்கள ஏசும்போது எப்படிப் பேசுவேனோ, அப்படி வாசிக்கப் போறேன்."

வாசித்தேன். மள பெய்தது, வாள நனைந்தது, கிளக்கே இடி இடித்தது. நிறுத்தி நிதானமாக, ஒரு ழகரம்கூட மிஞ்சாமல் வாசித்தேன். பக்கம் சிவந்துகொண்டே போனது. முடித்துவிட்டு டேப்பைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டாள்.

"டீச்சர், மிசினு கெட்டுப் போச்சா?"

அதற்கு நான் தயாராக வரவில்லை. நான் சிவந்தால் மெஷின் பழுது. அவர்கள் சிவந்தபோது அவர்கள்தான் பழுது. எத்தனை வாரமாக எத்தனை பக்கம் சிவந்தது, ஒரு பிள்ளைக்காவது மெஷின் மேல் சந்தேகம் வரவில்லையே. அதை அவர்களுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டே டேப்பை மடியில் வைத்தேன். கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்.

"மெஷின் கெட்டுப் போகல. அதுக்கு நம்ம ஊரு பேச்சு தெரியாது. அது அதோட பாடு. நமக்கு அது பேச்சு தெரியும், அதுகிட்ட அப்படிப் பேசுவோம். நம்ம பேச்சும் தெரியும், வீட்டுல இப்படிப் பேசுவோம். ரெண்டும் தெரிஞ்சவன் மட்டமா, ஒண்ணு மட்டும் தெரிஞ்சவன் மட்டமா?"

பிள்ளைகள் டேப்பைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் டேப்பைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை.

ஆசிரியர் அறையில் கணக்கு சார் காத்துக்கொண்டிருந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்லா டீச்சர், இந்த எளவெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார். எனக்கு இருந்த கோபத்துக்கு அவர் நல்ல இடத்தில் வந்து நின்றார்.

"ஏளு சொல்லலன்னு அந்தப் புள்ளைய நிக்க வச்சது மெஷினா சார்? இங்கிலீஷ் மீடியமான்னு கேட்டு வகுப்பையே சிரிக்க வச்சது மெஷினா? நாந்தான். உங்க பையில இருக்க செவப்புப் பேனாவ எப்பம் தூரப் போடப் போறிய?"

அவர் டப்பாவைத் திறந்தார். நான் ழகரத்தை விட்டுவிட்டேன் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கொடுக்கவில்லை. கண் சரியில்லாத பையனுக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தந்ததும் மெஷின்தான். என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை, அதில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். புத்தகத்தை வாசிக்கும்போது மெஷின் கேட்கலாம். பிள்ளை தானாகப் பேசும்போது அது குப்புறக் கிடக்க வேண்டும். இப்போதும் என் வகுப்பில் அதுதான் சட்டம். யாராவது செய்தி சொல்ல எழுந்தால், "குப்புறப் போடுங்க" என்று பிள்ளைகளே கத்துவார்கள். டேப்பெல்லாம் பெஞ்சில் கவிழும் சத்தம் கேட்கும். பயிற்சியில் இப்படியெல்லாம் சொல்லித் தர மாட்டார்கள், மேலே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பேச்சுப் போட்டிக்கு வேறு ஒரு பிள்ளை போய்விட்டுச் சும்மா திரும்பி வந்தது. நான் அந்தப் பெண்ணிடம் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் அவளுக்கு நேரே நின்று, வேண்டுமென்றே, மள, வாள, கோளி என்று பேசினேன். ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கணக்கு சார் வாசலில் வந்து நின்றார். பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்திருப்பார் போல, விரலிடுக்கில் சாக்பீஸ் இருந்தது.

"ஏளு வந்துட்டு டீச்சர்" என்றார். "பதினேளும் வந்துட்டு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் போர்டைத் துடைத்தேன். போர்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் பள்ளி விடுகிற நேரத்தில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. நான் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது, அவள் அம்மா தலையில் இலைக்கட்டோடு வெளியே நின்றிருந்தாள். முதல் துளி விழுந்தது. மகள் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

"எம்மா, மள வருதுல்லா, அங்கன என்ன நிக்க? எலயத் தூரப் போட்டுட்டு உள்ள வா."

ஊருக்கே கேட்கிற குரல். பழைய குரல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மா கட்டை இறக்கினாள், மகளைப் பார்த்துச் சிரித்தாள், வாயைத் திறந்தாள். அப்போதுதான் மகளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த என்னைக் கவனித்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. சிரிப்பு போய்விட்டது. சேலை முந்தியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாக்கை உள்ளே மடிப்பது எனக்குத் தெரிந்தது. என் அப்பா கேட்டிருந்தால் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார், அப்படி ஒரு சுத்தமான ழகரம்.

"மழை" என்றாள். "தோட்டத்துல சொல்லிச் சொல்லிப் பாத்தேன். சரியா இருக்கா டீச்சர்?"

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மள தாம்மா" என்றேன். "நனையாதிய, உள்ள வாங்க."

அம்மா நகரவில்லை. துளிகள் பெரிதாகி, இலைக்கட்டின் மேல் படபடவென்று விழத் தொடங்கியிருந்தன. என் இடது புருவம் எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. பச்சையா சிவப்பா என்று, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.